ஒற்றைக் கோடு

2025 ஜனவரி 11, சனி

நியூஜெர்சி எடிசனில் நண்பர் வீட்டு கராஜ். அவருடைய பழைய பேக்மேன் கேபினட்டை (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) ஆன் செய்தால் 19 இன்ச் திரையின் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். பாட்டு மட்டும் ஜோராகக் கேட்கிறது. பேக்மேனில் மானிட்டரைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டியிருப்பார்கள்; ஆக, படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி படுத்துவிட்டது. விட்டுவைத்தால் கோடு திரையின் உள்பூச்சான பாஸ்பரில் பொசுங்கிப் பதிந்துவிடும்; முதல் வேலையாக ஸ்கிரீன் குமிழைத் திருகி ஒளியைக் குறைத்தேன்.

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆனோடு கேப்புக்கு (பிக்சர் டியூபுக்கு உயர் வோல்ட் போகும் இடத்து ரப்பர் மூடி) வந்தேன். உள்ளே 20,000 வோல்ட் சமாச்சாரம். நீள ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒயர் கட்டி, மறுமுனையைப் பிக்சர் டியூபைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியில் மாட்டினேன். கரண்ட் நெஞ்சு வழியே பாயாமலிருக்க இடது கை பாக்கெட்டில். ரப்பருக்குள் நுழைத்ததும் 'டப்'. பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை: குட்டி 'டப்'. டியூப் தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏறிக்கொள்ளும்.

மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வெர்டிகல் அவுட்புட் டிரான்சிஸ்டர்தான் என்று முடிவுகட்டி இரண்டு ஆர்டர் போட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று மயிரிழையில் தப்பித்தேன். மானிட்டரைச் சுவர் பிளக்கில் செருகப் போகிறேன், ஸ்கோப்பின் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிரவுண்ட் கிளிப் கையில். அப்போதுதான் உறைத்தது: மானிட்டரைச் சுவர்க் கரண்டிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கேபினட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது! அது இல்லாமல் சேஸிஸின் 'கிரவுண்ட்' கரண்ட் லைனோடுதான் நிற்கும். ஸ்கோப் கிளிப்போ நேராக எர்த். இரண்டையும் சேர்த்திருந்தால் பிரிட்ஜ் டயோடு வெடித்திருக்கும்.

ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடு என்று சொல்பவர்கள் உண்டு. அப்புறம் ஸ்கோப்பின் உடம்பிலேயே கரண்ட் நிற்கும். வேண்டாம் சாமி. டிரான்ஸ்பார்மரை எடுத்துவர வேண்டியதுதான்.

ஜனவரி 18, சனி

டிரான்ஸ்பார்மர் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். மானிட்டரின் முக்கிய டிசி சப்ளையான பி பிளஸ் 120 வோல்ட், சரி. ஆனால் கிளிப் மாட்டியதுமே சேஸிஸ் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே என்று இரண்டு கையையும் உள்ளே விட முடியாது. ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கம் புரோபையே கொண்டுபோகவில்லை. அங்கே 1,000 வோல்ட்டை ஒட்டிய துடிப்பு. என் 10X புரோப் 600 தான் தாங்கும்.

அலையை உண்டாக்கும் வெர்டிகல் ஆசிலேட்டரில் அழகான ரம்பப் பல், பல்லுக்கு 17 மில்லிசெகண்ட். அவுட்புட்டில் ரம்பம் இல்லை. மேலும் கீழும் முட்டித் தட்டையான சதுரம். ஆக டிரான்சிஸ்டர்கள் உயிரோடுதான் இருக்கின்றன. யோக்கில் (டியூப் கழுத்தில் எலக்ட்ரான் கற்றையை வளைக்கும் சுருள்) ஓடும் கரண்ட் திரும்பி வந்து சொன்னால்தானே ஆம்ப் அடங்கும்? யோக் பாதை எங்கோ அறுந்திருக்கிறது.

அணைத்தேன், மறுபடி 'டப்'. யோக்கை மீட்டரில் பார்த்தால் நல்லபடி இருக்கிறது. போர்டில் அதன் பிளக் பின்னை லென்ஸில் பார்த்தேன்: சால்டரைச் சுற்றி மெட்டி மாதிரி மெல்லிய கறுப்பு வளையம். விரலால் அசைத்தால் பின் ஆடுகிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

திரை முழுக்கப் படம். ஒரு ஓரத்தில் மட்டும் சில வரிகள் நெருங்கி மடிகின்றன. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், அடுத்த வாரம் மாற்ற வேண்டும். வாங்கிய இரண்டு டிரான்சிஸ்டரும் கவர் பிரிக்காமல் டிராயரில்.