ஓராள் கணினிக்கு ஏன் இத்தனை பயனர்கள்?

காரைக்குடியில் என் வீட்டில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளக் கணினியைத் தொடுகிறவன் நான் ஒருவன்தான். ஆனால் அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ‘இடிசி’ அடைவில் (கோப்புறையில்) உள்ள பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தால் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்), டீமன், எல்பி, மெயில், நோபடி என்று வரிசையாகப் பயனர்கள் வருகிறார்கள். என் பெயர் எங்கோ கீழே 1000 என்ற பயனர் எண்ணுடன் நிற்கிறது. (கோப்பின் பெயர்தான் பாஸ்வேர்டு, கடவுச்சொற்கள் ஷேடோ என்ற வேறு கோப்புக்குக் குடிபெயர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.)

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், ஆளுக்கொரு கணினி என்பது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, ஒருவர் கோப்பில் மற்றவர் கை வைக்காதபடி உரிமையாளர், குழு, மற்றவர் என்று அனுமதிகளைப் பிரித்தார்கள். புள்ளிக்கு (மணமான தம்பதிக்கு) ஓர் அறையும் அறைக்கு ஒரு பூட்டுமாக வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றிக் கட்டிய நம் ஊர் வீடுகளில் இன்று ஒருவரே குடியிருப்பதைப் போல, அந்த அமைப்பு அப்படியே நம் மேசைக்கு வந்துவிட்டது.

அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் எந்த நிரலும் அமைப்பின் எந்தக் கோப்பையும் மாற்றலாம் என்ற நிலை இருந்தது. அதன் விளைவை அனுபவித்தவர்களுக்கு ரூட்டின் அருமை தெரியும். என் குறை வேறு. இந்தக் காவல் எதைக் காக்கிறது? இயங்குதளத்தின் கருவான கெர்னலையும் நிரல்களையும் காக்கிறது. அவை போனால் அரைமணி நேரத்தில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். போனால் திரும்பாதவை என் படங்களும் கணக்குகளும் கடிதங்களும். அவற்றையோ, என் பெயரில் இயங்கும் எந்த நிரலும் சுடோ (ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்கும் கட்டளை) கேட்காமலே அழித்துவிடலாம்.

உரிமையாளர் என்பதும் வெறும் எண்தான். பெரியப்பா மகன் தம் லினக்ஸ் கணினியில் பயன்படுத்திய வன்தட்டை என்னுடையதில் செருகியபோது, பெரியப்பாவின் சாந்திக் கல்யாண (மணிவிழா)ப் படங்கள் அத்தனைக்கும் நானே உரிமையாளர் என்று திரை காட்டியது. வட்டில் பதிவாவது பெயரல்ல, எண். லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் முதல் பயனருக்கு வழக்கமாக 1000 என்ற எண்ணையே தருகின்றன. “பங்கு பிரிக்காமலே எழுதி வாங்கிட்டியேப்பா” என்றார் அண்ணன்.

அப்படியானால் இந்தப் பயனர் பிரிவினை இன்று யாருக்கு உதவுகிறது? நிரல்களுக்கு. அந்தப் பட்டியலில் உள்ள எல்பியும் நோபடியும் மனிதர்கள் அல்லர். பெரும்பாலானவற்றுக்கு உள்நுழையும் வசதியே கிடையாது. ஒரு சேவையில் ஓட்டை விழுந்தால் பாதிப்பு அந்தப் பயனர் எண்ணின் எல்லையைத் தாண்டாதிருக்கவே அவை இருக்கின்றன. இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது ஆண்ட்ராய்டு: அது லினக்ஸ் கெர்னலின் மேல் நின்றுகொண்டு, ஒவ்வொரு செயலிக்கும் பொதுவாகத் தனிப் பயனர் எண்ணைத் தருவதால், ஒரு செயலியின் உள்தரவை இன்னொன்று நேராக எட்டிப் பார்க்க முடிவதில்லை. ஒரே ஆள் வைத்திருக்கும் கைபேசியில்தான் பல பயனர் ஏற்பாடு முழுப் பொருள் பெறுகிறது என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

மேசைக் கணினியில் அதே வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம்பிக்கையில்லாத நிரல்களுக்கும் விளையாட்டுகளுக்கும் தனிப் பயனரை உருவாக்கி, அதற்கு சுடோ உரிமை தராமல் விட்டிருக்கிறேன். என் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவு (ஹோம்) எனக்கு மட்டும் திறக்குமாறு அனுமதி 700 என்று வைத்திருக்கிறேன், உபுண்டு 21.04க்கு முந்தைய பதிப்புகளில் அதைப் பிற பயனர்களும் வாசிக்க முடிந்தது. காப்பு நகலுக்கான வன்தட்டு ரூட்டின் பெயரில் இருக்கிறது. இரவில், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் அதை இணைத்து, நகலெடுத்து, பிறகு துண்டித்துவிடுகிறது. ஆகவே சுடோ கடவுச்சொல் கைமாறாதவரை, என் பெயரில் ஓடும் எந்த நிரலும் அந்த நகலை எளிதில் அழித்துவிட இயலாது.