குளியலறைத் தரையும் ஒரு பழைய செருப்பும்

அம்மா குளியலறையில் வழுக்கி, குழாயைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நின்றுவிட்டார். குழாய்தான் கையோடு வந்துவிட்டது. அதை மாற்றிய கையோடு தரையையும் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று இறங்கினேன், இரண்டு மாதமாகிறது, இன்னும் முடியவில்லை.

முதலில் மிச்சம் இருந்த டைல்ஸ் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். வழுக்காத தன்மைக்கு ஆர்9 என்று போட்டிருந்தது. பத்துக்கு ஒன்பதாக்கும் என்று சந்தோஷப்பட்டுவிட்டேன்! அந்த ஜெர்மன் அளவே ஆர்9-இல் தொடங்கி ஆர்13-இல் முடிகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது, அதாவது நம் தரை கடைசி பெஞ்ச். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு எத்தனை டிகிரியில் வழுக்குகிறார் என்று பார்ப்பார்கள். ஆர்9-க்கு 6 டிகிரியைத் தாண்டினாலே போதும். வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் ஏ, பி, சி என்று வேறு சோதனை உண்டு. பெட்டியில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

வீட்டிலேயே அளக்கலாம் என்று ஒரு பழைய ரப்பர் செருப்பின் மேல் 3 கிலோ எடையைக் கட்டி, ஸ்பிரிங் தராசால் இழுத்தேன். காய்ந்த டைலைவிட ஈர டைலில்தான் பிடிமானம் அதிகம் என்று தராசு சொன்னது. நாலு முறை இழுத்தும் அதே கதை. எடை சும்மா உட்கார்ந்திருக்கும்போது அடியில் இருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியே போய்விடுகிறது, ரப்பர் டைலோடு ஒட்டிக்கொள்கிறது, நாமும் மெதுவாகத்தான் இழுக்கிறோம். நடக்கும்போது குதிகால் வேகமாக வந்து விழுகிறது, தண்ணீர் விலக நேரமே இல்லை. இந்த அளவை நம்பியிருந்தால் ஈரத்தரையே பாதுகாப்பானது என்று முடிவு கட்டியிருப்பேன்.

சரி, தராசை மூட்டை கட்டிவிட்டு டைலைச் சாய்த்தேன். ஒவ்வொரு டிகிரியிலும் புதிதாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பை வைத்து உடனே விரலால் ஒரு தட்டு. நின்றால் அடுத்த டிகிரி, நிற்காமல் ஓடினால் அதுதான் கணக்கு. இதுவும் துல்லியம் கிடையாது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தான் லாயக்கு. புது டைல் 13 டிகிரி. அதையே ஒரு வாரம் குளிக்கும் இடத்தில் போட்டுவைத்து எடுத்தால் 9! மேலே நகத்தால் கீறினால் வெள்ளையாகச் சுருண்டு வந்தது, சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து படிந்த பிசுக்கு. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியதும் பழையபடி 13. ஒரு சொட்டு மருந்து வாங்காமலே நாலு டிகிரி.

அப்புறம் மூன்று டைல், மூன்று வைத்தியம். மணல் கலந்த கோட்டிங் 27 டிகிரி வரை நின்றது, ஆனால் பளபளப்பான கிளேஸ், அதாவது டைலின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு, அதன் மேல் பூசியதால் பத்தே நாளில் ஓரத்தில் தோல் மாதிரி உரிந்தது. உப்புத்தாள் போன்ற ஒட்டு டேப்பில் செருப்பு நகரவே மறுத்தது. அம்மாவின் வெறுங்காலும்தான், "இதுல நின்னு குளிக்கிறதுக்கு வழுக்கி விழறதே தேவலை" என்றார். மூன்றாவது, கிளேஸில் உள்ள சிலிக்காவைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அரிக்கும் திரவம், 22 டிகிரி. பளபளப்பு கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

இதை எடுத்துக்கொண்டேன், ஆனால் பயத்தோடு. டப்பாவில் அமோனியம் பைஃப்ளோரைடு என்று இருந்தால் அமிலம் இல்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள், தண்ணீரில் அது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைத்தான் தரும். தோலில் பட்டால் சில சமயம் மணிக்கணக்கில் எரிச்சலே தெரியாமல் உள்ளே போய்விடும், தெரியும்போது பெரிய காயம். அதனால் தரையில் அடிக்கும் வேலையை, கவசமும் பழக்கமும் உள்ள ஆளிடம் விட்டுவிட்டேன். மார்பிள் தரைக்காரர்கள் இதைக் கிட்டவே சேர்க்க வேண்டாம், மார்பிளில் சிலிக்கா இல்லை, மெருகுதான் போகும்.

போட்டு ஐந்து வாரம். பிடிமானம் நன்றாகத் தெரிகிறது. புதுத் தலைவலி, அரிக்கப்பட்ட பரப்பில் அழுக்கு சிக்கிக்கொள்கிறது, மாப்பின் நூலும் பிய்ந்து நிற்கிறது. மாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளக் கைப்பிடி பிரஷுக்கு மாறியிருக்கிறேன். கூடவே போட்ட சோதனை டைலை நேற்று கழுவிச் சாய்த்தேன், 21-இல் ஓடியது.