இரவு இரண்டு மணிக்கு இருபது நிமிடம்

"சிஸ்டர், ரெண்டு மணிக்கு மேல ஒரு இருபது நிமிஷம் படுத்துக்கட்டுமா? கூட இருக்கிற அக்கா பார்த்துக்கறேன்னு சொல்றாங்க."

"நைட் டியூட்டி பார்க்க வந்தியா, தூங்க வந்தியாம்மா?"

ஒரு வார்டில் இளம் செவிலியருக்கும் இன்சார்ஜுக்கும் இடையே நடந்த பேச்சு இவ்வளவுதான். அந்தப் பெண் பதில் பேசாமல் சார்ட் எழுதப் போய்விட்டாள். அன்றிரவு அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில் மனதை அரிக்கிறது. அது தவறு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

இன்சார்ஜ் இரக்கமில்லாதவர் அல்ல. ஒருவர் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் விளக்கம் எழுதித் தரவேண்டியவர் அவர்தான். நோயாளியோடு வந்தவர் செல்போனில் படம் எடுத்தால் அதற்கும் அவரே பதில் சொல்லவேண்டும். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் உடம்பு இந்த நியாயத்தைக் கேட்பதில்லை. காலை 6 மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் கண்மூடாமல் பணிக்கு வருபவர் இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பதற்குச் சமமாகக் குறைகிறது என்று 1997இல் நேச்சர் அறிவியல் இதழில் டாசன், ரீடு என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 0.03. இருபத்து நாலு மணி நேரத்தில் அந்தச் சரிவு 0.10 அளவுக்கு வந்துவிடும். அதாவது மறுநாள் காலை 6 மணி. இன்சுலின் போடும் நேரம்.

அந்த நேரத்துத் தவறு எப்படி நடக்கும் என்பது வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மில்லிக்கு நூறு யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை, அதாவது கால் மில்லி, இழுத்தால் நோயாளிக்குப் போவது 10 அல்ல, 25 யூனிட். திறமையானவர்கள்கூட விடியற்காலையில் மூடியின் நிறத்தைப் பார்த்தும் பார்க்காமல் விடுவார்கள்.

ஆகவே அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை. கேட்ட நேரமும் சரிதான். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் படுத்தால் எழும்போது மந்தம் அதிகமாக இருக்கும். ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் படுப்பது நல்லது. அலாரம் இருபது நிமிடத்துக்கு. அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்துவிடுவோம். படுக்கும் முன் கவனிக்கவேண்டிய நோயாளிகள் யார், எந்த டிரிப் எப்போது முடியும் என்று கூட இருப்பவரிடம் ஒப்படைக்கவேண்டும். எழுந்ததும் முகம் கழுவி, கால்மணி முதல் அரைமணி நேரம் டோஸ் கணக்கு எதையும் தொடாமல் சுற்றிவந்தால் போதும். காபி குடிப்பதானால் படுக்கும் முன்பே குடிக்கலாம். அது வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகும். ஆனால் காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். காலை 9 மணிக்குத் தூங்கவேண்டியவர் மூன்று மணிக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய பலன் வேலைக்கு வரும் முன் மதியம் போடும் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தில் இருக்கிறது. முழுச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்ச்சாதமோ போதும். புரோட்டா சாப்பிட்டால் வயிறும் கனக்கும், கண்ணும் கனக்கும். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பாமல் பஸ் பிடிப்பது உத்தமம். வீட்டில் ஜன்னலுக்கு அடர்த்தியான துணி, போன் சைலண்டில். இவ்வளவும் சொல்வது எளிது. காலை எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணை டிபன் செய்யாமல் படுக்க விடும் வீடு எத்தனை? அங்கே கிடைக்காத தூக்கத்தைத்தான் அவள் வார்டில் இருபது நிமிடமாகக் கேட்கிறாள். அதைத் தரவேண்டியது மருத்துவமனையா, குடும்பமா என்று யோசித்தால் தெளிவு கிடைப்பதில்லை.

நாசா ஆய்வில் நெடுந்தூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், விழிப்பு மேம்பட்டது. அங்கே ஒருவர் தூங்கும்போது விமானத்தைப் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் இருந்தார்கள். இங்கும் கூட ஒரு அக்கா இருந்தார். அதனால்தான் அந்த மறுப்பை ஏற்க முடியவில்லை. முப்பது படுக்கைக்கு ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே செய்யக்கூடியது, இன்சுலின் இழுத்த சிரிஞ்சையும் வயலையும் போடுவதற்கு முன் பக்கத்து வார்டு செவிலியரிடம் காட்டி எண்ணைச் சத்தமாகச் சொல்வது. ஆனால் அவரும் இரவு முழுக்க விழித்திருந்தவர்தான்.