மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம்

டிசம்பர் 27, 2025, சனி

பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் லீவு. ஜூஹு வேண்டாம், கேட்வே வேண்டாம், கூட்டத்தில் மிதிபட முடியாது என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார். "அப்போ பிகேசி போலாம்" என்றாள் பெரியவள். பிகேசி என்றால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், பெரிய ஆபீஸ்கள் இருக்கும் வட்டாரம். எங்கள் தாராவிக்கு ஆற்றைத் தாண்டினால் எதிர்க்கரை. எங்கள் சந்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நிறைய: ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, டெலிவரி. சுற்றிப் பார்க்கவென்று போனவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. மாவு ஆட்டியாயிற்று. மத்தியானத்துக்குப் பொடி இட்லி.

டிசம்பர் 28, ஞாயிறு

தாராவியில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே பிகேசி. ஆளுக்கு 10 ரூபாய். நடுவில் ரயில் மித்தி ஆற்றுக்கு அடியில் போகும் என்று இவர் சொல்லி வைத்துவிட்டார். மீன் தெரியும் என்று சின்னவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். சுரங்கச் சுவர்தான் ஓடியது. "ஆறு எங்கப்பா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிகேசி நம் பம்பாய் மாதிரியே இல்லை. அகலமான ரோடு, ஹார்ன் சத்தம் குறைவு, நடக்க நடைபாதை! பங்குச் சந்தை, வைர வியாபாரம் நடக்கும் பாரத் டைமண்ட் போர்ஸ் எல்லாம் லீவு. ஒரு பக்கம் நீளத்துக்குத் தகர மறைப்பு. உள்ளே அகமதாபாத் புல்லட் ரயிலுக்குப் பாதாள ஸ்டேஷன் தோண்டுகிறார்கள். அந்தத் தடத்தில் தரைக்கு அடியில் வரும் ஒரே ஸ்டேஷன் இதுதானாம். தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்ற இவரை இழுத்து வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாமாவுக்கு வேறு யோசனை. எழுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். "இதெல்லாம் சகதிக்காடுலே. காலை வச்சா முழங்கால் வரை உள்ள போயிரும்" என்று பேரனிடம் தரையைக் காட்டினார். அவன் நம்பாமல் டைல்ஸ் கல்லை மிதித்துப் பார்த்தான். மாமா சொல்வது சரிதான். மித்தியையும் வாக்கோலா நாலாவையும் (நாலா என்றால் இங்கே சாக்கடைக் கால்வாய்) ஒட்டிக் கிடந்த தாழ்வான நிலத்தை 1977-இல் எம்எம்ஆர்டிஏ என்ற மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில் கொடுத்தார்கள். சுமார் 370 ஹெக்டேர். மண் கொட்டி மேடாக்கித்தான் இத்தனை கண்ணாடிக் கட்டடமும். ஆறு ஒடுங்கிப்போனது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, கடலும் ஏற்றத்தில் இருந்தது. வெள்ளத்துக்குப் போக்கிடம் இல்லை. அன்றைக்கு மாமா இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்து சேர்ந்த கதையை அத்தை சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த கதைதான், ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்கும்போது யாரும் குறுக்கே பேசவில்லை.

ஒரு கடையில் காபி விலையைப் பார்த்துவிட்டு அத்தை திரும்பி நடந்தார். மரத்தடித் திண்டில் உட்கார்ந்து பொடி இட்லியைப் பிரித்தோம்.

சாயங்காலம் ஜியோ வேர்ல்டு சென்டர் நீரூற்று. காசு கேட்கவில்லை. பாட்டுக்கு ஏற்பத் தண்ணீர் 45 அடி வரை எழும்புகிறது, நடுநடுவே நெருப்பும் பீறிடுகிறது. முதல் நெருப்புக்குச் சின்னவன் என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டான், அடுத்ததற்கு வெளியே வந்து கை தட்டினான். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் பார்க்க இவ்வளவு ஜனம் கூடுகிற இடத்தில், பக்கத்திலேயே ஓடுகிற ஆற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்று செக்யூரிட்டி தம்பியிடம் கேட்டால், "நதியா? நாலாவா?" என்று திருப்பிக் கேட்கிறார். நாங்கள் சுற்றிய வரையில் எல்லாக் கட்டடமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

திரும்பும்போது பஸ். பாலத்தில் ஏறியதும் நாற்றம் முதலில் வந்தது, ஆறு பிறகு. இரண்டு பக்கமும் அலையாத்திச் செடி, வேரெல்லாம் பிளாஸ்டிக் பை. கருப்புத் தண்ணீரில் மேலே இருக்கும் ஆபீஸ்களின் விளக்கு. "இதுதானா?" என்றான் சின்னவன். விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர்தான் இந்த ஆறு, மேலே நல்லாயிருக்கும் என்று பெரியவள் அவனைச் சமாதானப்படுத்தினாள். பாடத்தில் படித்திருப்பாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

சின்னவனுக்கு இன்னும் ஆறு பார்த்த திருப்தி வரவில்லை. அதனால் இன்று எங்கள் கரையிலேயே இருக்கிற மகாராஷ்டிரா நேச்சர் பார்க். மாமா வந்த காலத்தில் இது ஊர்க் குப்பை கொட்டும் மேடு. இப்போது 37 ஏக்கர் காடு. வெளியே லிங்க் ரோட்டு லாரிச் சத்தம், உள்ளே பத்தடி போனால் குயில். பட்டாம்பூச்சி துரத்தினதில் ஆற்றை மறந்துவிட்டான்.

அக்கரையில் இத்தனை கோடி கொட்டினவர்கள் ஆற்றோரமாக நாலு பெஞ்சு போட்டு, தாராவியிலிருந்து நடந்து வர ஒரு சின்னப் பாலம் கட்டினால் தேவலை என்றேன்.

"மொதல்ல தண்ணியச் சுத்தம் பண்ணட்டும். இல்லன்னா பெஞ்சுல யாரு மூக்கப் பொத்திக்கிட்டு உக்காருவா?" என்றார் மாமா. அத்தை அதற்குள் கேட்டுக்கே போய்விட்டார், டீ நேரம்.