ஐயாயிரம் வெள்ளி அமைதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு சத்தமே போடாத கம்ப்யூட்டருக்கு ஆசைப்படுவது கொஞ்சம் ஓவர்தான். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விடிகாலை சேவல் ஆரம்பித்து வைக்கும். அப்புறம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார், பாட்டியின் சீரியல், சாயங்காலமானால் இடி. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் ஊர் அடங்கும். நான் விளையாட உட்காருவதும் அப்போதுதான், என் பழைய கம்ப்யூட்டர் இரைய ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

அப்பா செம்பனை ஆலையில் பாய்லர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் அவருடைய தூக்கத்தைக் கெடுக்காது, சத்தம் மாறினால்தான் கெடும். ஆட்டத்தில் சண்டை சூடு பிடிக்கும்போது ஃபேன் வேகம் ஏறும். உடனே கைலியை இறுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"லோடு ஏறுதே, என்னத்தப் போட்டு அரைக்கிற?"

அரைக்கவில்லை, ஒரு டிராகனோடு சண்டை போடுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி கரண்ட் பில்லைப் பற்றி வரும். அதனால் சும்மா இருந்துவிடுவேன்.

புதுசு வாங்குவது என்று முடிவானபோது வீட்டில் ஆளுக்கொரு நிபந்தனை வைத்தார்கள். சத்தம் வரக்கூடாது என்றது நான். கரண்ட் தின்னக்கூடாது என்றார் அப்பா. மேசையில் பாதி தன் தையல் மெஷினுக்கு வேண்டும் என்றார் அம்மா. ஆகவே சின்னதாக, அமைதியாக, சிக்கனமாக ஒன்று. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது கடைக்குப் போன பிறகுதான் புரியும். பெட்டி சின்னதானால் சூடு தங்கும், சூடு தங்கினால் ஃபேன் வேகமாகச் சுற்றும், சுற்றினால் சத்தம். தப்பிக்க ஒரே வழி, முதலிலேயே சூடு குறைவாக வரும் சாமான்களாகப் பார்த்து எடுப்பது. சிக்கனத்தில் பிடித்தால் மற்ற இரண்டும் தானாக வந்து சேரும்.

இதைச் சொன்னால் என் கூட்டாளிக்கு ஏறவில்லை. "மச்சான், எடுக்கறதே எடுக்கற, 4090 எடு" என்றான். ஆட்டத்தின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டைச் சொல்கிறான். அந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு மட்டும் 450 வாட் இழுக்கும். அப்பாவுக்குத் தெரிந்தால் கார்டோடு சேர்த்து என்னையும் வெளியே வைத்துவிடுவார். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும். 2025இல் வந்த 5060 இன்னும் வேகம், ஆனால் 145 வாட். என் திரை 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 பிரேம் (படம்) தான் காட்டும். அதில் 140 பிரேம் ஓட்டி யாருக்கு லாபம்? 4060 என்று முடிவு செய்தேன். 8 ஜிபி மெமரி இனி வரும் ஆட்டங்களுக்குப் பத்தாது என்று கூட்டாளி சாபம் விட்டான். பலிக்கலாம். அப்போது செட்டிங்கைக் குறைத்துக்கொள்வேன்.

கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவிலும் இதே கதைதான். கோர் ஐ9 14900கே மாதிரி ஒன்று முழு மூச்சில் ஓடினால் 253 வாட் வரைக்கும் போகும். நான் எடுத்தது ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட். அந்த 65-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது, அது உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஈக்கோ மோட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் 61 வாட்டில் நின்றுவிடும். ஆட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஃபேன் சத்தத்தில் நன்றாகவே தெரிந்தது.

பெரிய ரகளை பெட்டியில்தான் வந்தது. சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டிகளை லிட்டர் கணக்கில் சொல்வார்கள். எனக்குப் பிடித்திருந்த கூலர் மாஸ்டர் என்ஆர்200 பெட்டி 18.25 லிட்டர். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்தேன்.

"லிட்டரா? கம்ப்யூட்டர் வாங்கறியா, பால் வாங்கறியா?" இது அம்மா.

"பத்து லிட்டர்லயும் இருக்கும்மா. ஆனா அதுல சூடு அதிகம்."

"அப்ப பெருசே எடு. ஆகாட்டி அரிசி கொட்டி வைக்கலாம்."

பாட்டிக்கு அது எத்தனை படி என்று தெரிய வேண்டியிருந்தது. மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ் ரகம், 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர், ஒரு சப்பாத்தி அளவுதான். ரேம் குத்த இரண்டே இடம், கார்டு குத்த ஒரே இடம். ஆனால் விலை மட்டும் பெரிய போர்டை விடக் கூட. ஈப்போவில் நான் போகும் கடை சீன அங்கிள், மலாயும் தமிழும் கலந்து, "போஸ், இதே காசுக்குப் பெரிய பெட்டில நல்ல பவர் வரும் லா" என்றார். உண்மைதான். சின்னதாக்குவதற்கென்று தனியாக ஒரு காசு கொடுக்கத்தான் வேண்டும். என் மேசையின் மறுபாதியில் தையல் மெஷின் இருப்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

அதற்கப்புறம் மில்லிமீட்டர்ச் சண்டை. சிபியுவின் சூட்டை இறக்க நான் மனசில் வைத்திருந்த நொக்டுவா கம்பெனிக் கூலரின் உயரம் 158 மில்லிமீட்டர். பெட்டி ஏற்பது 155. அம்மாவின் தையல் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். அந்த டேப் இழுபட்டுப் போய் யாரை அளந்தாலும் மெலிந்துதான் காட்டும் (அம்மாவிடம் பிளவுஸ் தைக்க வரும் கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்). அது காட்டிய கணக்கில் கூலர் தாராளமாக உள்ளே போனது. காகிதத்தில் அச்சடித்திருந்த கணக்கில் போகவில்லை.

"மூணு மில்லிதானே, தட்டி உள்ள தள்ளு" என்றார் அப்பா.

தட்டவில்லை. படுத்த மாதிரி இருக்கும் வேறொரு நொக்டுவா எடுத்தேன், 70 மில்லிமீட்டர் உயரம், 120 மில்லிமீட்டர் ஃபேன். 65 வாட் சிபியுவுக்கு அது போதும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே நிறையக் காற்றைத் தள்ளும், குட்டி ஃபேன் அதே காற்றைத் தள்ள வெறிபிடித்துச் சுற்ற வேண்டும், வித்தை அவ்வளவுதான். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பார்கள், அதனால் நாலைந்து டெசிபல் குறைந்தால்கூட ராத்திரியில் வித்தியாசம் பெரிசு. நொக்டுவாவின் அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் பேச வேண்டாம். பாட்டி பார்த்துவிட்டு, "பழசா? பாதி விலைக்குத் தந்தானா?" என்று கேட்டதே போதும்.

பவர் சப்ளை வந்த அன்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். 600 வாட் என்று போட்டிருந்தது. முகம் மாறிவிட்டது.

"சிக்கனம்னு சொன்ன. அறுநூறு வாட்டு போட்டிருக்கான்."

"அது இழுக்கிற அளவு இல்லப்பா. அதால அவ்வளவு குடுக்க முடியும். தேவைக்குத்தான் இழுக்கும்."

நம்பவில்லை. கடைசியில் அவர் பாஷைக்கே போனேன். பாய்லரில் எவ்வளவு பிரஷர் தாங்கும் என்று தகடு அடித்திருப்பார்களே, அதற்காக எந்நேரமும் அந்தப் பிரஷரிலா ஓட்டுவீர்கள்? கொஞ்ச நேரம் லேபிளையே பார்த்தார். "அப்ப பாதி லோடுல ஓட்டு, அதான் மெஷினுக்கு நல்லது" என்றார். சும்மா சொல்லவில்லை, 80 பிளஸ் கோல்டு என்ற சிக்கனத் தரச்சான்று வாங்கிய பவர் சப்ளைகள் பாதி லோடில்தான் நன்றாக ஓடும். சுவரிலிருந்து இழுப்பதில் சுமார் 90 சதவீதத்தை உருப்படியாக உள்ளே தரும், மீதிதான் சூடாகப் போகும். லோடு குறைவாக இருந்தால் என்னுடையது தன் ஃபேனையே நிறுத்திவிடும். இதையும் அப்போதே சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பார்.

பூட்டி முடித்த அன்று அவரே முன்வந்து சோதனை போட்டார். சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்துவந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினார். பூஜை என்று நினைத்துப் பாட்டி எழுந்து நின்று கும்பிட்டார். அப்பா பார்த்தது புகையை. அடியில் உள்ளே போகிறது, மேலே வெளியே வருகிறது, அதுவரை சரி. வெளியே வந்த புகை சுவரில் முட்டி வளைந்து மறுபடி அடிப்பக்கமே வந்தது.

"பாரு, கக்கினதையே திரும்பக் குடிக்குது. சுவத்த விட்டுத் தள்ளி வை."

ஒரு சாண் தள்ளி வைத்தோம். கார்டின் சூடு நாலு டிகிரி இறங்கியது. யூடியூபில் எத்தனையோ பேர் வாய் வலிக்கப் பேசி எனக்குப் புரியாதது ஒரு ஊதுபத்தியில் புரிந்தது. (நீங்களும் செய்யலாம், ஆனால் ரொம்ப நேரம் காட்டாதீர்கள், உள்ளே பிசுக்கு படியும்.) யூடியூப்காரர்கள் சொல்லும் டிகிரிக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பல பேர் ஏர்கோன் போட்ட அறையில் 21, 22 டிகிரியில் அளக்கிறார்கள். நம் வீட்டுக் கூடம் மத்தியானத்தில் 32. அந்தப் பத்து டிகிரி அப்படியே சிபியுவின் தலையில் ஏறும்.

இடி விஷயத்தில் பாட்டி சொன்னதற்கு நான் மறுபேச்சே பேசவில்லை. சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன், இருந்தாலும் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். பக்கத்தில் விழும் மின்னலை அந்தக் கட்டை தடுத்துவிடும் என்று நம்பி, இந்தக் கம்ப்யூட்டருக்குப் போட்ட ஐயாயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) பணயம் வைக்க முடியாது. இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், அந்த வழியாகவும் வரும்.

எறும்புக்கும் பல்லிக்கும் அடியில் சன்னமான வலை போட்டாயிற்று. அது தனிக் கதை, சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

கணக்குக்கு வருவோம். பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றில் வைத்துப் பார்த்தால் பழையது ஆட்டத்தின்போது 400 வாட் இழுத்தது. புதுசு, பிரேமை 75-இல் கட்டி வைத்த பிறகு, 160. பிரேமைக் கட்டியதும் கார்டிலிருந்து வந்த வண்டு ரீங்காரமும் நின்றது. காயில் வைன் என்பார்கள், பிரேம் கண்டபடி ஏறும்போது கத்தும். பெருமையோடு அப்பாவிடம் மீட்டரைக் காட்டினேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மாசத்துக்கு 28.8 யூனிட் மிச்சம். ஒரு யூனிட்டுக்கு அரை வெள்ளி என்று வைத்தால் 14 வெள்ளி 40 காசு. ஐயாயிரத்தை அதால் வகுத்தார்.

"இருபத்தொம்பது வருசத்துல போட்ட காசு வந்துரும். உனக்கு அப்ப 56. இபிஎஃப் காசு 55-லயே வந்துரும், இது ஒரு வருசம் லேட்டு."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, எல்லாம் நினைத்தபடி நடந்ததா என்றால், நடந்தது. அங்கேதான் வினை. புது ஆட்டம் ஒன்று 90 ஜிபி. எங்கள் தாமான் இன்டர்நெட்டுக்கு அது ஒரு முழு ராத்திரி வேலை. இறக்கவிட்டு, திரையை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது, டவுன்லோடு எழுபது சதவீதத்தில் நிற்கிறது. அப்பா தினமும் ராத்திரி வீட்டைச் சுற்றி வந்து சுவர் சுவிட்சுகளை அணைத்துவிட்டுப் படுப்பவர். அன்றைக்கும் வந்திருக்கிறார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். சத்தம் இல்லை. தொட்டுப் பார்த்திருக்கிறார். சூடும் இல்லை.

"லைட்டு எரிஞ்சுச்சேப்பா, முன்னால சின்னதா."

"டிவிலயும்தான் எரியுது. சத்தம் இல்லாட்டி எஞ்சின் நின்னுருச்சுன்னு அர்த்தம். முப்பது வருசம் அப்படித்தான் பாத்திருக்கேன்."

அடுத்த ராத்திரியும் அதே கதை. 'அணைக்காதீர்கள்' என்று தாளில் எழுதி ஒட்டினேன். அது நேற்று ஒட்டியது, இன்றைக்குச் செல்லாது என்று அணைத்துவிட்டார். கடைசியில் வழியும் அவரே கண்டுபிடித்தார். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து மெல்லிய சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்றை எடுத்து, மேலே காற்று வெளியேறும் இடத்தில் ஒட்டினார். ரிப்பன் ஆடினால் ஓடுகிறது, ஆடாவிட்டால் நின்றுவிட்டது. ஆலையில் ஏதோ ஒரு இடத்தில் இப்படித்தான் வைத்திருந்தார்களாம்.

நல்ல யோசனைதான். ஆனால் வெறும் டவுன்லோடுக்கு என் ஃபேன்கள் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் போகாது. அந்தக் காற்றில் ரிப்பன் அசையக்கூட இல்லை. மறுபடியும் சுவிட்ச் அணைந்தது.

போன வாரம் கூட்டாளி வந்திருந்தான். பெட்டி பக்கத்தில் குனிந்து கேட்டான்.

"என்ன மச்சான், லேசா இரையுதே. சும்மா நிக்கறப்பவே 900 ஓடுது. எந்த டெம்பரேச்சருக்கு ஃபேன செட் பண்ண?"

"டெம்பரேச்சருக்கு இல்லடா, ரிப்பனுக்கு" என்றேன்.