வாடின எடை

"ஆறு ட்ரஃபும் நெறஞ்சு கெடக்குண்ணா. இடமில்ல."

போனில் அவ்வளவுதான். ட்ரஃப் என்றால் பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட வைக்கும் நீளத் தொட்டி. ஐப்பசி மழையில் ஊறின கொழுந்து லாரி லாரியாக இறங்கிக்கொண்டிருந்த ராத்திரி. பத்து மணிக்கு எங்கள் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஃபேன் பேரிங் கத்திக்கொண்டு நின்றதும் முதலில் கூப்பிட்டது அந்த நம்பரைத்தான். பக்கத்து ஃபேக்டரி டீ மேக்கர், அங்கே தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவர். கோத்தகிரியில் எங்கள் இருவரையும் சேர்த்தே பேசுவார்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை. 100 அடி நீளம், 6 அடி அகல ட்ரஃபில் 1500 கிலோ பச்சை இலைதான் கணக்கு. அதற்கு மேல் குவித்தால் அடியிலிருந்து வரும் காற்று மேலே ஏறாது. அடி இலை சருகாகும், மேல் இலை வாடாமலே நிற்கும், நடுவில் புழுங்கிச் சிவக்கும். எங்கள் இலையை வாங்கிப் போட்டிருந்தால் இரண்டு பேர் இலையும் போயிருக்கும். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு வாக்கியத்தோடு வைத்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

டிரையர் நின்றால் முதல் வேலை வாடின இலையை வெட்டித் தூளாக்கும் சி.டி.சி. ரோலரை நிறுத்துவது. வெட்டின தூள் யாருக்காகவும் காத்திருக்காது. ஒன்றரை மணி நேரம் தாண்டினால் கப்பில் உயிரே இருக்காது. வெட்டாத இலையைக் கொஞ்சம் பிடித்து வைக்கலாம். சூடு காற்றை மூடிவிட்டு வெறும் காற்றை மட்டும் ஓடவிட்டு, மணிக்கொரு தரம் புரட்டிக் கொடுக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு தட்டக் கூடாது. அப்படி நான்கு ட்ரஃபைக் காப்பாற்றிவிடலாம் என்று பட்டது. முந்தி நிரப்பின இரண்டு ட்ரஃப் மட்டும் விடியும்வரை தாங்காது.

அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டது, பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த இன்னொரு ஃபேக்டரிக்காரர். எங்கள் கொழுந்து ஏஜெண்டை அதிக விலை கொடுத்து இழுத்தவர். "அனுப்பி வைங்க, வெலைய காலைல பேசிக்கலாம்" என்றார். நள்ளிரவுக்கு மேல் தன் லாரியையே அனுப்பினார். கஷ்ட காலத்தில்தான் மனுஷன் தெரியும் என்று ஷிப்ட் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் பேசினார். வாடின எடைக்குப் பச்சை இலை விலை. ஈரம் 78 சதவீதம் உள்ள 1500 கிலோ இலை 70 சதவீதத்துக்கு வாடினால் எடை 1100. உள்ளே இருக்கும் சரக்கு அதேதான், போனது தண்ணீர் மட்டும். இரண்டு ட்ரஃபுக்கும் சேர்த்து 800 கிலோவுக்குக் காசில்லை. எங்களிடம் இலை போட்ட விவசாயிகளுக்கோ முழு எடைக்கும் நாங்கள் கொடுத்தாக வேண்டும். அவர் மேல் குற்றமும் சொல்ல முடியவில்லை. அன்று அவரிடம் ட்ரஃப் காலி, இலை தேவை. அப்படியென்றால் அந்த ராத்திரி நான் அளந்தது யார் மனசை? யாரிடம் காலி இடம் இருந்தது என்பதை மட்டும்தானா?

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

விடிகாலை ஐந்தரைக்குப் பக்கத்து ஃபேக்டரி ஃபிட்டர் பைக்கில் வந்தார். மழைக்கோட்டுக்குள் மூன்று கால் புல்லர், பேரிங்கைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி. "எங்க டீ மேக்கர் குடுத்து விட்டாருங்க." தேவையில்லை, திருப்பிக் கொண்டுபோ என்றேன். பேரிங் உள் வளையம் ஷாஃப்ட் மேல் மாட்டியிருக்கும் ஸ்லீவோடு சூட்டில் இறுகிப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். எங்களிடம் இருந்த புல்லரின் ஒரு கால் வளைந்திருந்ததும் தெரியும். அப்படியும் அனுப்பிவிட்டேன்.

பிறகு கிரைண்டரால் வளையத்தை அறுத்தோம். ஸ்லீவைத் தாண்டி ஷாஃப்டில் ஒரு கோடு விழுந்தது. எமரி தாள் போட்டுத் தேய்த்து, மேட்டுப்பாளையம் வழியாக ஏறிவந்த புது பேரிங்கை மாட்டி ஓட்டும்போது மாலை நான்கு. புல்லர் இருந்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். நான்கில் ஒரு ட்ரஃப் இலையாவது சிவக்காமல் தப்பியிருக்கும். இரவு முழுக்கக் கண் விழித்தவனுக்கு அவ்வளவு யோசனை வராது என்று வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அன்று மற்ற எல்லாவற்றையும் சரியாகத்தானே யோசித்தேன்?

பேரிங் போனதற்கும் காரணம் வெளியில் இல்லை. பேரிங் உட்காரும் ஹவுசிங்கில் காலி இடத்தில் பாதிக்கு மேல் கிரீஸ் ஏற்றக் கூடாது. நிரம்ப அடித்தால் கிரீஸ் உள்ளுக்குள்ளேயே கடைந்து சூடாகி, இளகி ஒழுகி, கடைசியில் பேரிங் வறண்டு ஓடும். போன வாரம்தான் "நல்லா அடிச்சு விடுப்பா" என்று சொல்லியிருந்தேன்.

பக்கத்து ஃபேக்டரி டீ மேக்கர் இன்றும் கூப்பிடுகிறார். குன்னூர் ஏலத்தில் டஸ்ட் டீத்தூள் என்ன விலை போச்சு என்று கேட்பார், சொல்வேன். புல்லரைப் பற்றி அவர் கேட்டதில்லை. இடமில்ல என்றதைப் பற்றி நானும் கேட்டதில்லை.