கண்டி ஏற்றமும் மூன்றாம் பிரிவும்

கண்டி இராச்சியம் எழுந்த விதத்தையும் ஆண்ட விதத்தையும் வீழ்ந்த விதத்தையும் இடங்களை நேரில் பார்த்து எழுதுவதாகவும், ஹட்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்குச் செலவுக் கணக்கை வரிசையாகத் தருவதாகவும் சென்ற மாதம் சொல்லியிருந்தேன். அந்த வரிசை குலைந்துபோனதற்கு முதற்காரணம், சனிக்கிழமை விடியற்காலையில் நானும் மச்சானும் ஏறிய பஸ். அதன் பின்கதவு ஒரு நைலோன் கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கினிகத்தேனை வளைவு ஒவ்வொன்றிலும் அந்தக் கயிறு விறைப்பதையும் தளர்வதையும் பார்த்தபடியே நாவலப்பிட்டி வரை நின்றோம். "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு இடம் இருக்கு" என்று நடத்துனர் சொல்லிக்கொண்டே இருந்தார். இடம் இருந்தது அவருடைய நாக்கில் மட்டும்தான்.

ஆனால் கண்டி மன்னர்களின் கண்ணால் பார்த்தால், இப்படியொரு பஸ்கூட அதிகப்படியான வசதிதான். நல்ல பாதை போடாமல் இருப்பதையே அவர்கள் ஒரு பாதுகாப்பாக வைத்திருந்தார்கள். மலைக்குள் நுழையும் வழிகள் ஒற்றையடிப் பாதைகளாகவே விடப்பட்டன. கணவாய்களில் முட்கதவம் போட்டுக் காவல் வைத்தார்கள். 1594இல் பலன கணவாயைக் கடந்து ஏறிவந்த போர்த்துக்கேயப் படை தந்துறையில் அழிந்தது. 1803இல் கண்டியைப் பிடித்த பிரித்தானியப் படை, நோயாலும் பட்டினியாலும் நலிந்து, மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டபுளுவையில் வெட்டுண்டது. அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் குளங்கள் வாழவைத்தன. 1215இல் கலிங்கத்து மாகன் படையெடுத்த பின்னர் அங்கிருந்து தெற்கும் மேற்குமாக இடம்பெயர்ந்து வந்த அரசுகளில், மலைக்குள் வேர்விட்டது மட்டும் காடும் சரிவும் மழையும் காத்த அரசாக நின்றது.

கம்பளையில் இறங்கியதும் கோபம் போய்விட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், முஸ்லிம் பெரியவர் ஒருவரின் சிறு கடையில், ஆவி பறக்கும் இடியப்பமும் தேங்காய்ப் பால் விட்ட கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். நான் இதுவரை உண்ட காலைச் சாப்பாடுகளில் இதற்கு இணை இல்லை என்றே எழுதிவிடுகிறேன். மறுப்பவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுக்கட்டும். இரண்டு பேருக்கும் பிளேன்டீயோடு 760 ரூபாய். மச்சான் மூன்றாம் முறை குழம்பு கேட்டதற்குப் பெரியவர் காசு போடவில்லை.

அந்தக் கருவாட்டுத் துண்டைப் பிட்டு வாயில் வைத்தபோதுதான் 1766 நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் முந்திய ஆண்டு கண்டிக்குள் படையெடுத்து, பின்பு செய்துகொண்ட உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதையும் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். சில உப்பளங்களில் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமை மட்டுமே கண்டிக்காரர்களுக்கு மிஞ்சியது. மலையில் நெல் விளையும், மிளகு விளையும், உப்பு விளையாது. தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்கள்தான் உப்பையும் கருவாட்டையும் மேலே ஏற்றிவந்தன. அந்தப் போக்குவரத்தை நடத்துவதற்கென்றே அரசில் ஒரு பகுதி இருந்தது; அதில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தார்கள். எந்தப் பீரங்கியாலும் எளிதில் எட்ட முடியாத அரசின் சோற்றுப் பானைக்கு உப்பு வரும் வழி இன்னொருவன் கையில் இருந்தது என்பதை, பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தும் நான் இப்படி உணர்ந்ததில்லை.

கம்பளை 1341இலிருந்து சில தசாப்தங்கள் தலைநகராக இருந்தது. இன்றைய கடைத்தெருவில் அதைத் தேடி அலைவது வீண். அந்தக் காலம் எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய ஆகிய மூன்று கோயில்கள் இருக்கும் பக்கம்தான் உயிரோடு இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 3,500 ரூபாய் என்று ஒரு ஓட்டோக்காரரோடு பேசி முடித்தோம். இந்தத் தொகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

எம்பெக்க மரத்தூண்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் லங்காதிலகவுக்குத்தான் வந்தேன். வெறும் பாறைமேல் எழும்பி நிற்கும் அந்த விகாரையை, 1344இல், சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தார். வளாகத்துப் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு. தமிழ்ப் பகுதியைக் கண்டுபிடித்ததும் செருப்பில்லாத காலைச் சுடும் பாறையையும் மறந்து குந்திவிட்டேன். எழுத்துப் பள்ளங்களில் சாம்பல்நிறப் பாசி படிந்திருந்தது; ஒரு வரியை விரலால் தொடாமல், ஒரு அங்குலம் மேலே விரலை நகர்த்திப் பின்தொடர்ந்தேன். பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட இரண்டு மூன்று எழுத்துகளுக்கே மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், "எங்கட ஆக்கள் தேயிலைக்குத்தான் மலைக்கு வந்தது எண்டு சொல்றவங்களைக் கூட்டிக்கொண்டு வந்து இதில இருத்தோணும்" என்றார். அதே ஆண்டு எழுந்த கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி. அங்குள்ள கல்வேலையைப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் மண்டபத்துக்குள் நுழைந்ததுபோல இருக்கிறது.

பிலிமத்தலாவைச் சந்தியில் இறக்கிவிடும்போது ஓட்டோக்காரர் 5,000 கேட்டார். "வெயிட்டிங் இருக்குத்தானே சேர், கல்லைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தீங்களே" என்று ஏற்றம் இறக்கமில்லாத குரலில் சொன்னார். முன்கூட்டிச் சொல்லாத காத்திருப்புக் கூலி வழிப்பறிக்குச் சமம் என்பதே என் கருத்து. இழுபறியில் 4,200 கொடுத்தோம். எழுநூறு ரூபாய்! காசு போதாமல் நாங்கள் போகமுடியாமல் போன இடம் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்டியில் அரும்பொருட்காட்சியகத்தை விரைவாகப் பார்த்தோம். நெடுநேரம் நின்றது, தலதா மாளிகைக்கு அருகிலுள்ள மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபத்தில்தான். இந்த அரசு ஆண்ட முறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. நடுவே மன்னர், அவருக்குக் கீழ் மகா அதிகாரிகள், தலைநகரை ஒட்டிய 9 ரட்டைகள் என்னும் சிறு பிரிவுகள், தொலைவில் திசாவைமார் என்னும் மாகாணத் தலைவர்களுக்கு உட்பட்ட 12 திசாவனிகள். காசுச் சம்பளம் கிடையாது. காணியை அனுபவிப்பவன் அதற்குப் பதிலாகச் சாதிவாரியாக விதிக்கப்பட்ட இராசகாரியம் என்னும் ஊழியத்தைச் செய்யவேண்டும். காணியும் ஆட்களும் பிரதானிகளின் பிடியில் இருந்ததால், மன்னரின் வலிமை அவர்களை ஒருவரோடொருவர் சேரவிடாமல் வைத்திருக்கும் சாமர்த்தியத்தில் இருந்தது.

1739இல் அரியணை ஏறிய, தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்துக்கு இது ஒருவகையில் வசதி: உள்ளூர்ப் பிரதானிகளில் எவருடைய குடும்பத்தையும் சேராதவர் மன்னராக இருப்பதை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சீயத்திலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பிக்குகளை அழைத்து 1753இல் உபசம்பதா என்னும் பிக்குகளின் உயர் தீட்சையை மீட்டெடுத்தார். ஆனால் 1798இல், தன் சொற்கேட்டு நடப்பான் என்று நம்பிப் பிலிமத்தலாவை அதிகாரி அரியணையில் ஏற்றிய இளைஞன் கண்ணுசாமி, ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாகி அந்த அதிகாரிக்கே மரண தண்டனை விதித்தார். இராசகாரிய ஊழியத்தைக் கொண்டு கண்டி வாவியைக் கட்டினார், சனங்கள் வெறுத்தார்கள். எஹெலபொல என்ற அதிகாரி 1814இல் பிரித்தானியர் பக்கம் ஓடினார். அவருடைய மனைவி பிள்ளைகளை மன்னர் கொன்றார். அடுத்த ஆண்டு படை ஏறிவந்தபோது, இரு நூற்றாண்டுகளாக எதிரியைத் தின்ற அதே கணவாய்களில் அவர்களைத் தடுக்க ஆளில்லை. பாதையைக் குறுக்கலாம்; பிரதானிகளின் மனக்கசப்பைக் குறுக்க முடியாது.

1815 மார்ச் 2ஆம் திகதி இந்த மண்டபத்தில் வாசிக்கப்பட்ட, கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவை, அதாவது பௌத்த சமயத்தைக் காப்பதாகச் சொல்வதை, எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு மூன்றாம் பிரிவுதான் முக்கியம். மன்னரின் ஆண் உறவினர்களும், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும், அதாவது தமிழர்களும், அனுமதியின்றிக் கண்டி நாட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்கிறது அது. மீறினால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை. பத்து ஆண்டுகளுக்குள் அதே பிரித்தானியர் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெருப் போடத் தொடங்கினார்கள், கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் திறந்தார்கள், பிறகு தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்களையும் பெண்களையும் ஆயிரக்கணக்கில் நடத்திக் கூட்டிவந்தார்கள். என் பாட்டனாரின் பாட்டனார் அப்படி நடந்து வந்தவர். மன்னரை வேலூருக்கு அனுப்பி, அங்கேயே 1832இல் சாகவிட்டார்கள்.

மன்னர் பிடிபட்ட மெதமகாநுவரப் பக்கம்தான் எங்கள் கடைசி இடமாக இருந்திருக்கவேண்டும். வேன்காரர் 9,000 என்றார். எங்களிடம் பஸ் காசைத் தவிர 2,350 ரூபாய்தான் மிஞ்சியிருந்தது. வாவிக்கரையில் முகில் வடிவ மதில் அரைகுறையாய் நிற்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு சோளப்பொத்தி வாங்கித் தின்றுவிட்டு, நான்கரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். இந்த முறை உட்கார இடம் கிடைத்தது, கதவும் மூடியது.